முன்சக்கரம் பிடிக்காத வண்டி

தனகோட்டியை நல்லவன் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவனே எழுந்து போய்விடுவான். கெட்டவன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சிங்காரவேலு. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நெய்வேலிக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. பம்ப் செக்ஷனில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸ் உண்டு, அடுத்த வருடம் ரிட்டையர்மென்ட். தனகோட்டிக்கு இதில் எதுவும் இல்லை. இவன் அப்பாவின் முந்திரித் தோப்பு சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள், அது மூத்தவனுக்குப் போய்விட்டது. இளையவனான இவன் இருபத்தொரு வருடமாகக் காண்ட்ராக்ட் டிரைவர். எப்போதாவது பெர்மனென்ட் ஆகும் என்று முதல் பத்து வருடம் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். அவன் மனைவி கண்ணகி மட்டும் விடவில்லை, என்னை எங்கே பார்த்தாலும் "லிஸ்ட்டு ஏதாவது வந்துதுங்களா சார்" என்று கேட்பாள்.

அவன் ஓட்டியது எங்கள் பம்ப் ஆட்களை ஏற்றி இறக்கும் பழைய கேம்பர் வண்டி. முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் பைப்பும் ஹோஸும் போடத் திறந்த தொட்டி. பண்ருட்டியில் தெய்வசிகாமணி என்று ஒரு காண்ட்ராக்டர், முந்திரிக்கொட்டை வியாபாரத்தோடு இந்த மாதிரி ஐந்து பழைய வண்டிகளையும் வாடகைக்கு விட்டிருந்தார். ஐந்துமே ஃபோர் வீல் வண்டிகள். அதனால்தான் அவற்றுக்கு இங்கே மரியாதை.

இந்த ஃபோர் வீல் சங்கதியை நான் விளக்கித்தான் ஆக வேண்டும். தார் ரோட்டில் பின்சக்கரம் இரண்டும்தான் வண்டியைத் தள்ளும். முன்சக்கரம் சும்மா உருளும். சேற்றில் நான்கும் இழுக்க வேண்டும் என்றால் டிரைவர் கீழே இறங்க வேண்டும். முன்சக்கரத்தின் நடுவே உள்ளங்கை அளவுக்கு ஒரு திருகு இருக்கும், அதைத்தான் ஹப் என்பார்கள். ஃப்ரீயில் இருக்கும் அதை லாக்குக்குத் திருப்ப வேண்டும். அந்தப் பக்கமும் போய் அதே மாதிரி. பிறகு ஏறி உட்கார்ந்து, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லிவரை இழுக்க வேண்டும். திருகுக்கு உள்ளே பல் வைத்த ஒரு வளையம் நகர்ந்து போய் அச்சையும் சக்கரத்தையும் கவ்விக்கொள்ளும். கவ்வவில்லை என்றால் லிவரை இழுத்தும் பிரயோஜனம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் கவ்வினாலும் போதாது, இரண்டும் பிடித்தால்தான் முன்சக்கரம் இழுக்கும்.

புது வண்டிகளில் சீட்டில் இருந்தபடியே பட்டனைத் தட்டுகிறார்கள். இவன் வண்டியில் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குவதற்குச் சோம்பல்பட்டு மற்ற டிரைவர்கள் மழைக்காலம் முழுக்க லாக்கிலேயே விட்டுவிடுவார்கள், தார் ரோட்டிலும் அப்படியே ஓட்டுவார்கள். பல் தேயாமல் என்ன செய்யும்? தனகோட்டி அப்படி இல்லை. சேறு தாண்டியதும் நிறுத்தி, இறங்கி, ஃப்ரீக்குத் திருப்பி, பழைய பனியன் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஏறுவான். "நேரமாவுதுய்யா" என்று நான் கத்துவேன். "இருங்க சார், இதுக்கும் உசுரு இருக்குது" என்பான். அதனால் ஐந்து வண்டியில் உருப்படியான ஹப் இவனுடைய வண்டியில் மட்டும்தான் இருந்தது.

அதுவே அவனுக்கு வினையாகப் போயிற்று. வண்டிகளுக்கு இன்ஸ்பெக்ஷன் வரும், ஒவ்வொன்றாக. ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று சேற்றில் விட்டுப் பார்ப்பார்கள். தெய்வசிகாமணியிடம் புது ஹப் கேட்டால் "பாக்கலாம்" என்பார். பார்க்கவே மாட்டார். அதனால் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. எந்த வண்டிக்கு இன்ஸ்பெக்ஷனோ அந்த வண்டிக்குத் தனகோட்டியின் ஹப் இரண்டும் போகும். அந்த வண்டியின் செத்த ஹப் இரண்டும் இவன் வண்டியில் ஏறும். ஆறு போல்ட், அரை மணி நேர வேலை. இரண்டு நாளில் திருப்பி மாட்டிவிடுவார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, திருகு பாட்டுக்குத் திரும்பும்.

எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். கண்டும் காணாமல் இருந்தேன். தினமும் காலையில் டிரிப் ஷீட்டில் 'நான்கு சக்கர இயக்கம் சரி' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவது நான்தான். ஒரு நாளாவது இறங்கிப் பார்த்தேனா? டீ குடித்துக்கொண்டே போடுவேன். சொன்னால் ஐந்து பேர் பிழைப்பு போகும் என்று எனக்கு நானே ஒரு நியாயமும் வைத்திருந்தேன்.

போன வருடம் கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் அந்த ஐந்து டிரைவரில் ஒருவனான ஜெயப்பிரகாஷின் வண்டிக்கு இன்ஸ்பெக்ஷன். ஷிப்ட் முடிந்ததும் தனகோட்டி ஹப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். நான்கைந்து நாளாக மழை இல்லை, வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை திரும்பி வந்துவிடும் என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஆரம்பித்தது மழை. முதல் ஷிப்டுக்கு நாங்கள் கிளம்பும்போது மண் இன்னும் இறுகித்தான் இருந்தது, வண்டி சுலபமாக இறங்கிவிட்டது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டுக்குக் கீழே ஓடைத் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஷெட் எங்களுடையது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஒரு ஏற்றம். நானும், ஹெல்ப்பர் கொளஞ்சிநாதனும், இன்னும் இரண்டு பேரும் ஷெட்டில். தனகோட்டி வண்டியில் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கெல்லாம் பாதை குழம்பாகிவிட்டது.

கொளஞ்சிநாதனும் தனகோட்டியும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். இருவரும் ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவைத்துச் சாப்பிடுகிறவர்கள். கொளஞ்சிக்கு நாற்பது வயது இருக்கும். வாய் ஓயாமல் பேசுவான், என் திருநெல்வேலிச் சீமைப் பேச்சை அப்படியே பேசிக் காட்டி என்னையே சிரிக்க வைப்பான். அன்றைக்குப் பதினொரு மணி வாக்கில் மூலையில் கிடந்த சாக்கை எடுத்தான். உள்ளே நல்ல பாம்பு. மணிக்கட்டுக்கு மேலே போட்டுவிட்டது.

அவன் கத்தக்கூட இல்லை. "சார், கடிச்சிட்ச்சி" என்று கையை நீட்டிக் காட்டினான். நான் போன் போட்டு ஆம்புலன்ஸ் சொன்னேன். தார் ரோட்டு முனை வரைக்கும் வரும், அதற்குமேல் அந்த வண்டி இறங்காது என்றார்கள். சரி, நமக்குத்தான் ஃபோர் வீல் இருக்கிறதே என்று நினைத்தேன். கொளஞ்சியைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம்.

ஏறுவதற்கு முன் தனகோட்டியிடம் ஒரு கேள்வி கேட்டேன். இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் கிடக்கிறது.

"ஏத்தம் ஏறிருமாய்யா? இல்லன்னா தூக்கிட்டே போயிருவோம். நாலு பேரு இருக்கோம்."

அவன் என்னைப் பார்த்தான். மழையைப் பார்த்தான்.

"ஏறிடும் சார்" என்றான்.

ஏன் சொன்னான்? பின்னால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஏறாது என்றால் ஏன் என்று நான் கேட்பேன். ஹப்பை மாற்றிக் கொடுத்தது பெர்மனென்ட் ஆள் முன்னால் வெளியே வரும். சுரங்கத்துக்குள் வர ஐந்து பேருக்கும் இருக்கிற கேட் பாஸும் போகும். அந்த ஒரு நொடியில் அவனுக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. வேகமாக அடித்தால் பின்சக்கரத்திலேயே ஏறிவிடலாம் என்றும் ஒரு நப்பாசை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான். நான்தான் தெரியாதவன் மாதிரி வருடக்கணக்கில் நடித்துக்கொண்டிருந்தேனே.

ஏற்றத்தில் பாதி தூரம் போய் நின்றது. பின்சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. தனகோட்டி இறங்கினான். இந்தப் பக்கத் திருகை லாக்குக்குத் திருப்பினான், அந்தப் பக்கம் போனான், திருப்பினான், ஏறி வந்து லிவரை இழுத்தான். எஞ்சின் உறுமியது. நான் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். ஃபோர் வீல் பிடித்தால் முன்சக்கரம் சேற்றை வாரி அடிக்கும், எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அது அசையாமல் நின்றது.  அப்போதே புரிந்துவிட்டது எனக்கு. ஆனாலும் "சரியா பூட்டுய்யா" என்று கத்தினேன். அவன் மறுபடி இறங்கினான்.

மூன்று தடவை இறங்கினான். மூன்று தடவையும் இரண்டு பக்கமும் போய், பனியன் துணியால் திருகைத் துடைத்து, திருப்பினான். மற்ற இரண்டு பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். இருபத்தைந்து நிமிடம். பின்சீட்டில் கொளஞ்சிக்கு இமை இறங்கிக்கொண்டே வந்தது. "கண்ணு தொறக்க முடியல சார்" என்றான். கொஞ்ச நேரத்தில் அதையும் சொல்ல நாக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை தனகோட்டி ஏறவில்லை. முன்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

"சார், பிடிக்காது சார். இது ஜெயப்பிரகாஷ் வண்டி ஹப்பு. ஒரு பக்கம் பல்லு தேஞ்சி போச்சி, ஒரு பக்கம் உள்ள வளையமே இல்ல. நல்லத நேத்து கழட்டிக் குடுத்துட்டேன் சார்."

"தெரிஞ்சிக்கிட்டா மூணு வாட்டி இறங்குன?"

"நீங்க பாத்துகினு இருந்தீங்க சார்."

அடிக்கக் கை ஓங்கினேன். அதற்கும் நேரம் இல்லை. தார்ப்பாயில் கொளஞ்சியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தனகோட்டி தலைப்பக்கம் பிடித்திருந்தான், "கொளஞ்சி, டேய் கொளஞ்சி, வந்துட்டோம்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆம்புலன்ஸ் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே மூச்சு நின்றுவிட்டது, மெஷின் வைத்துப் பார்த்தார்கள். மூன்று மணிக்குச் சொல்லிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கும் என்று அந்த டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். தனகோட்டி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஜெயப்பிரகாஷ் வண்டி இன்ஸ்பெக்ஷனில் பாஸாகிவிட்டது.

மறுநாள் சுரங்கத்தின் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஐந்து டிரைவர்களும் கூடினார்கள். கம்பெனி ஆபீஸில் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றான் தனகோட்டி. மற்ற நால்வரும் காலில் விழாத குறை. அப்புறம் காண்ட்ராக்டரிடம் போனான். என்னையும் கூட வரச் சொன்னான், போனேன். தெய்வசிகாமணி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"சொல்லு, வேணான்னு சொல்லல" என்றார். "நீ சொன்னா அஞ்சு வண்டியும் வெளில நிக்கும். என் காண்ட்ராக்ட் போவும். கொளஞ்சி பொண்டாட்டிக்கு மண்மேட்டுல கன்னு நடுற வேல போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன். காண்ட்ராக்ட்டே இல்லன்னா அதுக்கு யாரு வேல குடுப்பா? நீ குடுப்பியா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிகினு அது எங்க போவும்?"

தனகோட்டி திரும்பி நடந்தான். நானும் நடந்தேன். என் டிரிப் ஷீட் டிக் எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், வாசல் வரை வந்து "சாருக்கு ரிட்டையர்மென்ட் எப்போங்க" என்று விசாரித்தார்.

அதன்பிறகு ஐந்து வண்டிக்கும் புது ஹப் வாங்கிப் போட்டார் மனிதர். செத்த பிறகு.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருவதிகைக்குப் பக்கத்தில் உள்ள அவர்கள் ஊருக்குப் போயிருந்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு தனகோட்டி, கொளஞ்சியின் மனைவி விருத்தாம்பாளிடம் போய் உட்கார்ந்தான். அடக்கிப் பார்த்திருக்கிறான், முடியவில்லை.

"தங்கச்சி, என்னாலதான் இப்டி ஆச்சி. நல்ல ஹப்ப கழட்டி இன்னொரு வண்டிக்குக் குடுத்துட்டேன். அதான் வண்டி ஏறல."

அவளுக்கு ஹப்பு என்றால் என்ன தெரியும்? முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்துப்போன பெண். வண்டியில் ஏதோ ரிப்பேர் என்று நினைத்துக்கொண்டாள்.

"மழையில வண்டி மாட்டிக்கிறது எல்லா எடத்துலயும் நடக்கறதுதானண்ணே. நீ என்னா பண்ணுவ. தோள்ல தூக்கிகினு ஓடினியாமே, சொன்னாங்க. கூடப் பொறந்தவன் கூட அப்டி செய்ய மாட்டான்."

இதைச் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தான். அவளுக்கு வரவேண்டிய வேலையை நினைத்துக்கொண்டானோ என்னவோ, எழுந்து வந்துவிட்டான். வரும் வழியில் என்னிடம், "சொல்லிட்டேன் சார், ஆனா சொன்ன மாதிரி இல்ல" என்றான். 

தை மாதம் விருத்தாம்பாள் வேலைக்கு வந்தாள். கன்று நடும் இடம் எங்கள் ஷெட்டுக்கும் அப்பால். கேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே, வேறு வண்டி கிடையாது. தினமும் தனகோட்டியின் வண்டிதான். பம்ப் ஆட்களுக்கு நடுவே பின்சீட்டில் அவளுக்கு ஓர் இடம், அவள் வீட்டுக்காரன் படுத்திருந்த அதே சீட். அது அவளுக்குத் தெரியாது. "அண்ணே, சாப்டியா" என்று கேட்டுக்கொண்டே ஏறுவாள். கண்ணகிக்கு முந்திரிப்பழம் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டுவான். இந்தப் பத்து மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டான். ஓட்டுவான், இறங்குவான், வீட்டுக்குப் போவான். லிஸ்ட்டு பற்றிக் கண்ணகியும் இப்போது கேட்பதில்லை. "ராத்திரியில எழுந்து உக்காந்து கைய திருப்பிகினே இருக்கறாருங்க சார்" என்றாள் ஒரு நாள்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடித்துத் திரும்புகிறோம். முன்சீட்டில் நான். பின்னால் விருத்தாம்பாளும் இன்னும் இரண்டு பேரும். ஏற்றத்துக்கு அடியில் வண்டி நின்றது. அவள் வேலைக்கு வந்த பிறகு அங்கே ஹப்பைப் பூட்ட அவன் இறங்க நேர்ந்தது அன்றுதான் முதல் தடவை. தனகோட்டி ஸ்டியரிங்கில் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தான். "போய்யா" என்றேன் மெதுவாக. இறங்கினான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான், வந்தான், லிவரை இழுத்தான். முன்சக்கரம் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஒரே மூச்சில் ஏறி மேலே வந்துவிட்டது.

விருத்தாம்பாள் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எறங்கிப் போயி என்னாண்ணே பண்ண?"

"ஹப்பு லாக் பண்ணன்மா."

"அத பண்ணாதான் ஏறுமா?"

"ம்."

 வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"காரியத்தன்னிக்கு வந்து என்னமோ கழட்டிக் குடுத்துட்டேன்னு சொன்னியே. அது இதானா?"

தனகோட்டி வண்டியை நிறுத்திவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதாம்மா."

"தெரிஞ்சிகினேவா ஓட்டிகினு வந்த?"

"தெரியும்மா. ஏறாதுன்னு தெரியும். ஏறிடும்னு சொன்னேன். அப்டி சொல்லாம இருந்திருந்தா அப்பவே தூக்கிகினு போயிருப்பாங்க."

அவள் அழவில்லை, ஏசவில்லை. கதவைத் திறந்து இறங்கி, மழையில் நனைந்துகொண்டே தார் ரோட்டை நோக்கி நடந்தாள். தனகோட்டி வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். அவள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கிளப்பினான்.

இரண்டு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டாள். வராமல் என்ன செய்வாள்? பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள், சின்னவள் ஏழாவது. ஏழு கிலோமீட்டர் நடக்கவும் முடியாது, வேறு வண்டியும் இல்லை. தனகோட்டி இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து வைத்தான். அவள் அவனைத் தாண்டிப் போய், பின்னால் பைப் போடும் தொட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கும் நல்ல மழை.

இப்போதும் அப்படித்தான் வருகிறாள். தொட்டியில், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு. அவன் தினமும் கதவைத் திறந்து வைக்கிறான், தினமும் மூடுகிறான். வேலையை விட்டுவிடப்போவதாக என்னிடம் சொன்னான். விட்டால் அந்த வண்டிக்கு எவனாவது சோம்பேறி வருவான், மழையில் அவளை எங்காவது மாட்டிவைப்பான் என்று அவனே சொல்லிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தான். அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவனுக்கு இருக்கிறது. அவள் அவன் பக்கம் முகத்தைக்கூடத் திருப்புவதில்லை.

என்னைப் பார்த்தால் மட்டும், தொட்டியிலிருந்தபடியே ஈரக் கையைக் குவித்து, "வணக்கம் சார்" என்கிறாள். நானும் வணக்கம் சொல்லிவிட்டு, டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.